யாகப்பரின் கழகமும் சீமோனின் நேர்த்தியும்

கனடாவில் கொம்பொஸ்தேலா உதைபந்தாட்டக் கழகத்துக்கு எத்தனை தமிழ் ரசிகர்கள் என்று கேட்டால் நான் யோசிக்காமலே சொல்வேன். ஒருவன். டோர்செட் பார்க்கில் என்னோடு ஒரே அப்பார்ட்மென்டில் இருந்த சீமோன். நான் கேட்காமலே எனக்கு ஸ்பானிய உதைபந்து படிப்பித்தவன்.

சீமோன் குருநகரான், ஊரில் கோல் காப்பாளன். 92இல் அகதியாக வந்தான். மனைவி கிளடிஸ் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தாள். நாங்கள் வேலை செய்த கதவுத் தொழிற்சாலையில் மனுவேல் என்றொரு ஸ்பெயின்காரர் இருந்தார். அவருடைய ஊர் சந்தியாகோ தே கொம்பொஸ்தேலா. புனித யாகப்பரின் கல்லறை அங்கேதான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. குருநகர்க் கோயிலும் யாகப்பருடையது. இதைக் கேள்விப்பட்டதும் சீமோனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

"அண்ணை, எங்கட ஆள்தானே அங்க அடங்கியிருக்கிறார். அப்ப அந்த ரீமும் எங்கட ரீம்தானே?"

நான் சைவக்காரன். கதிர்காமத்தில் ஒரு அணி இருந்தால் நானும் யோசித்திருப்பேன்.

அந்தக் கழகம் 1962இல் தொடங்கியது. அதன்பிறகு முப்பது வருடத்துக்கு அதைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. சீமோன் அதையும் விரிவாகச் சொல்வான். 94இல் முதன்முறையாக முதற் பிரிவுக்கு ஏறியது. உடனே இவன் யாகப்பருக்கு நேர்த்தி வைத்தான். அணி இறங்காமல் நின்றால் ஒவ்வொரு வருடமும் அவருடைய திருநாளில் இங்கத்தைய கோயிலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சோறு. அணி நின்றது. அடுத்த பருவத்தின் நடுவில் இரண்டாம் இடத்தில்கூட நின்றது. நான்தான் அண்டாவில் சோறு கிண்டினேன். கிளடிஸ் கொழும்பிலேயே நின்றாள்.

தொலைபேசியிலும் அவளுக்கு இதே கதைதான். விசாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் அழுவாள், அவள் அழுதால் இவனும் அழுவான். ஆகவே கொம்பொஸ்தேலா. அவளும் குருநகர்க்காரி, பந்து தெரிந்தவள். யார் கோல் அடித்தது, எந்தக் காலால் அடித்தது என்றெல்லாம் கேட்பாள்.

98 பனிக்காலத்தில் அணி ஆட்டங்காணத் தொடங்கியது. சீமோன் ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுதிரி கொளுத்தினான். எனக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கென்ன விசரோடா? மனிசி ஆறு வருசமாக் காத்துக் கிடக்கிறாள். நீ யாகப்பரைப் பந்து பொறுக்க விட்டிருக்கிறாய். கிளடிஸுக்கெண்டு எப்பவாவது நேர்ந்தனியோ?"

"அது அந்தோனியாரிட்ட குடுத்திருக்கிறன் அண்ணை. ஒருத்தரிட்டயே ரெண்டையும் கேக்கிறது சரியில்லை. காணாமல் போனதுகளை எடுத்துக் குடுக்கிறவர் அவர்தானே."

"அவள் எங்கயடா காணாமல் போனவள்? லொட்ஜிலதானே இருக்கிறாள்!"

சீமோன் இரண்டு நாள் சாப்பாட்டிலும் மனமில்லாமல் திரிந்தான். மூன்றாம் நாள் வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போய்விட்டு வந்தான்.

"மாத்திப்போட்டன் அண்ணை. ரீமை இறக்கும், கிளடிஸைத் தாரும் எண்டு யாகப்பரிட்டச் சொல்லிட்டன்."

 எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

மே மாதம், முதற் பிரிவில் நிற்பதா இறங்குவதா என்று தீர்க்க வில்லாரியல் அணியோடு இரண்டு ஆட்டம். அவர்களுடைய ஊரில் நடந்த முதல் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. இரண்டாவது கொம்பொஸ்தேலாவின் சொந்த மைதானத்தில். மனுவேல் வீட்டுக் குசினியில் வானொலியைச் சுற்றி நின்றோம். ஒன்றுக்கு ஒன்று. மொத்தத்தில் சமம் என்றால் வெளியூரில் அடித்த கோலுக்குத்தான் மதிப்பு, அதனால் வில்லாரியல் மேலே, கொம்பொஸ்தேலா கீழே. இரண்டு ஆட்டத்திலும் தோற்காமலே இறங்கிவிட்டார்கள். மனுவேல் மேசையில் தலையை வைத்து அழுதார். சீமோன் சிலுவை போட்டுவிட்டு அவருக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தான்.

யூனில் விசா வந்தது. அன்றைக்கு அவன் வீட்டுக்குள்ளே ஓடிய ஓட்டத்துக்குக் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

யூலையில் கிளடிஸ் வந்திறங்கினாள். விமான நிலையத்திலிருந்து நான்தான் கார் ஓட்டினேன். பின் சீற்றில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். பிறகு அவள் கேட்டாள்.

"ரீம் நிக்குதோ?"

"இறங்கிட்டுது."

"அதெப்பிடி இறங்கும்?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் யாகப்பரிட்ட நேர்ந்தெல்லோ வைச்சனான். என்ர விசா பிந்தினாலும் பரவாயில்லை, இவற்ர ரீமை இறக்கிப்போடாதையும் எண்டு. உங்களுக்கு இஞ்ச வேறை என்ன இருந்தது?"

சீமோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் விடவில்லை.

"எத்தினைக்கு எத்தினை தோத்தவை?"

"தோக்கேல்லை. ரெண்டு மச்சும் சமன்."

கண்ணாடியில் பார்த்தேன். அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போல விம்மி அழுதுகொண்டிருந்தான். இவன் இறக்கும் என்கிறான், அவள் இறக்காதையும் என்கிறாள், பாவம், அந்த யாகப்பரும் என்னதான் செய்வார்? எனக்கும் கண் மங்கிவிட்டது. நெடுஞ்சாலையிலிருந்து கெனடி றோட்டில் இறங்கவேண்டிய நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.