வரவேற்புப் போர்வைக்கு வரி

பேகம்பேட்டில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, நான் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வரிக்கணக்கு பார்க்கிறேன். அங்கே துறைக்கு ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்கள். அதைத் தேய்த்து என்ன வாங்கினாலும் ஒன்றிரண்டு நாளில் என் திரைக்கு வந்துவிடும். பல்கலைக்கழகமே பயன்படுத்தும் பொருள் என்றால் வரி கிடையாது. கடைக்காரன் வாங்கியிருந்தால் திருப்பிக் கேட்க வேண்டும். யாருக்காவது அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டால் வரி உண்டு. கடைக்காரன் போடாமல் விட்டிருந்தால் நாங்கள் போட வேண்டும். இதற்குப் போய் எம்.காம். படித்தேன்.

இந்த வேலையில் வேண்டாத ஞானமெல்லாம் வரும். எந்த ஆய்வகத்தில் குழாய் ஒழுகுகிறது, எந்தத் துறைத் தலைவருக்கு பீட்சா இல்லாமல் கூட்டம் நடத்தத் தெரியாது, எல்லாம் எனக்குத் தெரியும். என் மகளுக்கு மேற்படிப்புக்கு அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, என்னவோ பக்கத்துத் தெருவுக்குப் போகிறவளுக்கு வழி சொல்வதுபோல அளந்துகொண்டிருந்தேன்.

லோத்குண்டாவில் எங்கள் வீட்டில், மனைவி தடியான ரஜாய்ப் போர்வை ஒன்றைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அத எதுக்குப் போட்டு அமுக்குத? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இவ சேருத துறையிலேயே போர்வை குடுப்பாவ. வருசா வருசம் நாந்தான வரி போடுதேன்" என்றேன்.

மகள் சிரித்தாள். "அப்போ என் போர்வைக்கும் நீங்கதான் டாக்ஸ் போடணும், ஹவ், ஆமாதானே?"

"போடாம விடுவனா?"

விசா நேர்காணல் இரண்டு மூன்று கேள்விகளிலேயே முடிந்துவிட்டது. கிடையாது என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி போனாள், மறுபடியும் அதே தாள். சேர வேண்டிய தேதி தாண்டிப் போயிற்று. சாப்பாட்டுத் தட்டோடு போய் நின்றால், "நக்கோ டாடி, வேண்டாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு குடைக்கு வரி இல்லை என்று சொல்ல நான் காரணம் எழுதியாக வேண்டும். என் பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வரிக் காரணம்கூடத் தேவைப்படவில்லை.

ஆகஸ்டில் அந்தத் துறையின் போர்வை பில் வந்தது. அன்பளிப்பு என்று எல்லாவற்றுக்கும் வரி போட்டுவிட்டு, வழக்கம்போல மாதக் கடைசியில் கார்டு வைத்திருக்கும் அலுவலகப் பெண்மணிக்குக் கேள்வி அனுப்பினேன்: எல்லாம் மாணவர்களுக்குக் கொடுத்தாயிற்றா?

பதில் மறுநாள் காலை வந்து கிடந்தது. கொடுத்தாயிற்று, விசா கிடைக்காமல் சில பிள்ளைகள் வரவில்லை, அவர்களுக்கென்று வாங்கிய போர்வைகளை மட்டும் எங்கள் விருந்தினர் அறையில் போட்டுவிட்டோம் என்று எழுதியிருந்தாள். பாவம் அந்தப் பிள்ளைகள் என்று அவளாகவே ஒரு வார்த்தை சேர்த்திருந்தாள். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

விருந்தினர் அறை என்றால் பல்கலைக்கழகத்தின் சொந்த உபயோகம். வரி கிடையாது. அந்தப் போர்வைகளைத் தனியாகப் பிரித்தேன். அதில் ஒன்று என் மகளுடையது. காரணம் எழுதும் கட்டத்தில் 'மாணவர்கள் வரவில்லை' என்று தட்டி, வரியை நீக்கினேன்.