போலி மெமரியும் கேரல் புத்தகமும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு பொருள் சத்தம் போட்டால், ஏன் என்று தெரியாமல் சும்மா உட்கார முடியாது. தொண்ணூறுகளின் நடுவில் மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அந்தப் பழக்கத்துக்கு நல்ல தீனி கிடைத்தது.

வாங்கச் சொன்னது என் மனைவி. எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள். டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்துமஸ் கேரல் பாடல்களைக் கசங்கிய தாள்களைப் பார்த்துத்தான் பல வருடங்களாகப் பாடிக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் ஒரே புத்தகமாக அடித்துவிடுவது என்று கிளம்பினாள். வேலை முடிந்து வந்து தினமும் ஒரு பாட்டு. படங்களும் சேர்ந்ததில் புத்தகம் குண்டாகிவிட்டது. அதைத் திறந்தால் பெட்டியின் சிவப்பு விளக்கு சிமிட்டும். உள்ளே டிஸ்க் கறகறவென்று அரைக்கும்.

விடுவேனா? ஒரு சனிக்கிழமை அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது கன்ட்ரோல் பேனலுக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ‘வெர்ச்சுவல் மெமரி’ என்று ஒன்று கண்ணில் பட்டது. விளக்கத்தைப் படித்தேன். மெமரி போதாதபோது டிஸ்கில் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதுவும் மெமரிதான் என்று கம்ப்யூட்டர் நடிக்குமாம்! எனக்கு எரிச்சலாக வந்தது. நான் ரயில்வே சரக்குப் பிரிவில் குமாஸ்தா. வேகனுக்கு இவ்வளவுதான் பாரம் என்றால் அவ்வளவுதான் ஏற்றுவோம். அந்த நடிப்பை நிறுத்தும் கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். பக்கத்தில், அப்படிச் செய்யாதே என்கிற மாதிரி ‘நாட் ரெக்கமெண்டட்’ என்று இருந்தது. அதெல்லாம் விவரம் இல்லாதவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

கறகற சத்தம் நின்றது. எனக்கு ஒரே பெருமை. அன்று மாலை அவள் புத்தகத்தைத் திறந்தாள். மெமரி போதவில்லை என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. மறுநாளும் அதே கதை.

“நீ கண்டபடி படத்தைப் போட்டா அது என்ன செய்யும்லா? கெடுத்துட்ட,” என்றேன்.

இரண்டு வாரம் இதையே சொன்னேன். பாடகர் குழுவிடமும் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தேன். அவளோ பழைய தாள்களை எடுத்துப் பசை போட்டு ஒட்ட ஆரம்பித்தாள். முதல் கேரலுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

அந்த ஞாயிறு மதியம் பாட்டுப் பயிற்சி எங்கள் வீட்டில். இருபது பேர், ஒரு சின்ன மேசை.

“மேசையில உள்ளதெல்லாம் கட்டில்ல வச்சிருங்க,” என்றாள்.

எப்போதும் செய்வதுதான். கிளாஸ்கள், பிஸ்கட் டின், பசை பாட்டில் எல்லாம் படுக்கையறைக்குப் போயின. மேசையில் பாட்டுத் தாள்கள் வந்தன. பாதியில் தேநீர் நேரம். தாள்களைக் கட்டிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கிளாஸ்களை மேசைக்குக் கொண்டுவந்தேன். குடித்து முடித்ததும் கிளாஸ்கள் உள்ளே, தாள்கள் வெளியே. கடைசி நடையில், கையில் பிஸ்கட் டின்னோடு கதவருகிலேயே நின்றுவிட்டேன். அந்தக் கட்டில் இல்லாவிட்டால் இந்த வீட்டில் இருபது பேர் பாட முடியாது. மேசை மெமரி என்றால் கட்டில்தான் டிஸ்க்; அது போட்ட கறகற சத்தமும் இதே நடைதான்.

வெட்கத்தில் காது சுட்டது. டின்னை வைத்துவிட்டு, ஹால் மூலையில் இருந்த கம்ப்யூட்டரைப் போட்டேன். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி இயக்கினேன். விளக்கு சிமிட்டியது, டிஸ்க் அரைத்தது. புத்தகம் திறந்தது, கடைசிப் பாட்டு வரை.

“அவ கெடுக்கல. நான்தான் கெடுத்தேன்,” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

சிலர் சிரித்தார்கள். மனைவி அருகில் வந்து, எங்கே டிக் போட்டேன் என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். ‘நாட் ரெக்கமெண்டட்’ என்று சத்தமாக வாசித்தாள்.

“இத படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“படிச்சிட்டுதான் ரெண்டு வாரமா என்னைச் சொன்னீங்களா?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் பசை பாட்டிலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

“இத குப்பையில போடுங்க. கிளாஸையும் கழுவிடுங்க.”

கழுவினேன். குழாய்ச் சத்தத்துக்கு மேல் அவள் சுருதி கொடுப்பது கேட்டது. கடைசி வரிசையில் என் இடம் காலியாக இருந்தது. எனக்காகக் காத்திருக்காமல் பாடத் தொடங்கிவிட்டார்கள்.