ஒரு முறை நுழைய மட்டும்

பச்சை ஆப்பிளின் புளித்த வாசனையும் தரைக்குப் போட்ட மெழுகின் வாசனையும் சேர்ந்து வந்தால் நான் இன்றும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். பிராங்பர்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பைன் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பச்சை ஆப்பிள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தின்னலாம் என்பது அப்பாவுக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆளுக்கு எத்தனை என்று எங்கும் எழுதவில்லை என்பதால் எங்களை எடுக்க விடவில்லை. எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில் அவர் கை நீட்ட மாட்டார்.

நான் அவருடைய மகள்தான். டெக்சாஸில் ஒரு விமான நிலையத்தில் இருபத்தைந்து வருடம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மற்றவர்களின் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, போன வருடம் ஓய்வு பெற்றேன். எந்த விசாவில் எத்தனை நாள், எந்த முத்திரைக்கு என்ன பொருள், எந்தக் கோட்டை யார் தாண்டலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரிவு எண்ணோடு சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஏன் சொல்கிறேன் என்பது படித்துக்கொண்டு போகையில் தெரியும்.

1992 ஜூன் மாதம். எனக்குப் பதின்மூன்று வயது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து டெக்சாஸின் ரிச்சர்ட்சனுக்குக் குடிபோய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா அங்கே ஒரு தொலைத்தொடர்புக் கம்பெனியில் எஞ்சினியர். அப்பாவின் தங்கை கலா அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நாங்கள் மூவரும் ஊருக்குக் கிளம்பினோம். அப்போதெல்லாம் ஒரே நாளில் அடுத்த விமானம் கிடைக்காவிட்டால் விமானக் கம்பெனியே ஓர் இரவுக்கு ஓட்டல் அறையும் சாப்பாடும் கொடுக்கும். அப்பா வேண்டுமென்றே அப்படியொரு டிக்கெட்டைத் தேடிப் பிடித்து, ஹூஸ்டனில் இருந்த ஜெர்மன் தூதரகத்துக்குப் பாஸ்போர்ட்டுகளை அனுப்பி ஒரு நாள் விசாவும் வாங்கிவிட்டார். "சும்மா கெடைக்கற ஊரை விடக்கூடாது" என்று, நகரத்துக்குள் எத்தனை மணிக்கு எந்த ரயில், எந்தச் சதுக்கம், எந்தப் பாலத்தில் யார் யாரோடு போட்டோ என்பது வரை ஒரு தாளில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

அந்தத் தாளில் இல்லாத ஒன்றை அம்மா தன் மனதில் வைத்திருந்தாள். அவளுடைய ஒரே தம்பி சேகர் மாமா, ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில், கொலோன் நகரத்தில் இருந்தார். மாமாவுக்கும் கலா அத்தைக்கும் ஏழு வருடத்துக்கு முன்பு வெற்றிலை மாற்றி நிச்சயம் செய்திருந்தார்கள். படிக்கப் போன மாமா ஆறாம் மாதம் ஒரு நீலக் கடிதத்தில், இங்கே ஒரு ஜெர்மன் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன் என்று எழுதினார். அதன்பின் எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. அத்தைக்கு வேறு இடம் அமைய இத்தனை வருடம் ஆயிற்று. அப்பாவின் கோபம் அநியாயமானது என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு மாமா எழுதும் கடிதங்கள் இரண்டு தெரு தள்ளியிருந்த வசந்தா ஆன்ட்டியின் முகவரிக்கு வந்தன. ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா போன் செய்ய வேண்டும், மாமா அடுத்த ரயிலைப் பிடித்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. விமானம் இறங்கும் இடத்துக்கே வர வேண்டாம் என்று அம்மாதான் எழுதியிருந்தாள். "ஆளு எதுக்க வந்து நின்னுட்டா உங்கப்பா கதவைச் சாத்த மாட்டாரு. ஆனா நாலு பேரு பாக்கற எடத்துல ஆகாது" என்று என்னிடம் சொன்னாள். வீட்டில் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள், என்னைத் தவிர?

நாங்கள் கிளம்ப வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை, போதாததற்கு அஷ்டமி. டிக்கெட்டை மாற்ற முடியாது. இதற்குத்தான் "பரஸ்தானம்" என்று ஒரு வழி இருக்கிறது: நல்ல நாளில் நல்ல நேரத்தில் நம் சாமான் ஒன்றை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கொள்ளலாம். அந்தச் சாமான் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. போகும் வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும். நடைமுறைகளை மதிக்கிறவர் என்பதால் அப்பாவுக்கு இதில் முழு நம்பிக்கை. பஞ்சாங்கத்து நேரத்தை டெக்சாஸ் மணிக்குப் பார்ப்பதா கோபி மணிக்குப் பார்ப்பதா என்று மட்டும் ஒரு மாலை முழுவதும் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நீலப் பையில் மஞ்சள், குங்குமம், ஒரு சேலை வைத்து அம்மா வசந்தா ஆன்ட்டி வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். அப்பா எடை போட்டுப் பட்டியல் எழுதாத ஒரே பை அதுதான். அதனால், மாமாவின் புது வீட்டுப் போன் நம்பர் இருந்த கடிதத்தையும் அதற்குள்ளேயே வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வசந்தா ஆன்ட்டியின் கணவர் தன் வேனில் எங்களை ஏற்றிக்கொள்ள வந்தார். வரும்போதே பையையும் எடுத்து வருவதாகப் பேச்சு. அப்பா பட்டியலைப் படிக்கப் படிக்க, பெட்டிகள் ஏறின. அம்மா அடுப்பைச் சரிபார்க்க உள்ளே ஓடும்போது, "அம்மிணி, வண்டீல நீலப் பை இருக்குதான்னு ஒரு எட்டுப் பாரு" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். பின் சீட்டுக்கு அடியில் ஒரு நீலப் பை தெரிந்தது. "இருக்கும்மா" என்றேன். அது அங்கிள் உடற்பயிற்சிக்கு எடுத்துப்போகும் பை.

விமானம் கிளம்பி, பெல்ட்டைக் கழற்றலாம் என்று விளக்கு அணைந்தபோதுதான் அம்மா பையைக் கேட்டாள். இருக்கைக்கு அடியில், தலைக்கு மேலே, எங்கும் இல்லை. அப்பா, "மஞ்சளும் சேலையுந்தானே, போனாப் போகுது. ஊர்ல வாங்கிக்கலாம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். அம்மா என்னைத் திட்டவில்லை. முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடி அட்லாண்டிக்கைக் கடந்தாள். எங்கள் குடும்பத்தின் நல்ல நேரம் மட்டும் ரிச்சர்ட்சனில் தங்கிவிட்டது என்று பின்னாளில் நான் கிண்டல் செய்வதுண்டு. அப்போது சிரிப்பு வரவில்லை.

ஓட்டல் அறைக்குள் போனபோது காலை பதினொரு மணி. வசந்தா ஆன்ட்டிக்குப் போன் செய்து பையைப் பிரிக்கச் சொல்லலாம். ஆனால் டெக்சாஸில் அப்போது அதிகாலை நாலு. அம்மா விரல் விட்டு மணியை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அப்பா தாளை எடுத்தார். ஒன்றேகால் ரயிலில் நாங்கள் நகரத்தைப் பார்க்கப் போனோம்.

பழைய சதுக்கத்தில் பொம்மை வீடுகள் போல மரச்சட்டம் வைத்த வீடுகள் இருந்தன. ஆற்றின் குறுக்கே இரும்பு நடைபாலம் இருந்தது. அன்று எடுத்த பதினெட்டுப் போட்டோக்களும் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அம்மா பட்டுச்சேலைக்கு மேல் அப்பாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல், படத்துக்கு வெளியே ஏதோ ஒரு கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அப்பா, "சிரி, சும்மாவா வந்திருக்கோம்?" என்றது எந்தப் படத்தில் என்பது எனக்குத் தெரியும். பாலத்தின் நடுவில் எடுத்த படம்.

ஐந்து மணிக்கு அறைக்குத் திரும்பியதும் அப்பா படுத்தார். அம்மா என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்தாள். வரவேற்பு மேசைப் பெண்ணிடம் நான் இங்கிலீஷில் கேட்டு ரிச்சர்ட்சனுக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, பை இங்கதான் இருக்கு!" வசந்தா ஆன்ட்டியின் குரல் போனுக்கு வெளியே கேட்டது. "ரெண்டு தெரு ஓடி வந்தேன். ஃப்ரீவே பக்கம் திரும்பிட்டீங்க. இந்த மனுஷனை நான் என்ன பண்றது சொல்லு!"

"வசந்தாக்கா, பையத் தொறங்க. சேலை மடிப்புல லெட்டர் இருக்குது."

"பரஸ்தானம் வெச்சதை நடுவுல தொறக்கக் கூடாதேம்மா..."

"எனக்கு வர்ற பாவம் வரட்டும். தொறங்க."

நான் என் கையிலேயே நம்பரை எழுதிக்கொண்டேன். கொலோனில் மணி அடித்தது. எடுத்தது மாமாவின் மனைவி. அவரும் நானும் சமமான அளவு தடுமாறும் இங்கிலீஷில் பேசினோம். பகல் பன்னிரண்டு வரை போனுக்குப் பக்கத்திலேயே மாமா உட்கார்ந்திருந்தாராம். அதற்குமேல் பொறுக்காமல் ரயில் ஏறிவிட்டாராம். எந்த ஓட்டல் என்று தெரியாது, விமானக் கம்பெனியில் சொல்ல மறுத்துவிட்டார்களாம். ஆகவே விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் ஹாலில் நின்றுகொண்டிருக்கிறாராம். அரை மணிக்கு ஒரு முறை வீட்டுக்குப் போன் செய்து, அக்கா கூப்பிட்டாளா என்று கேட்கிறாராம்.

அதாவது, மாமா எங்களிடமிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தார்.

அம்மா மாடிக்கு வந்து, விளக்கைப் போட்டு, அப்பாவை எழுப்பினாள். அவள் அப்படிச் செய்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஏனுங்க, என்ற தம்பி ஏர்போர்ட்ல நிக்கறான். நீங்க வர வேண்டாம். நானும் கொழந்தையும் போய் ஒரு பார்வை பாத்துட்டு வந்தர்றோம்."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. பெரிய சண்டையாக இருந்திருந்தால் அம்மா ஜெயித்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவர் இடுப்புப் பையைத் திறந்து, மூன்று பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து, அம்மாவின் விசாப் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

"இதப் பாரு. ஒரு தடவை உள்ள வர்றதுக்கு மட்டுந்தான். மறுபடி ஏர்போர்ட்டுக்குள்ள காலை வெச்சா நாட்டை விட்டுப் போனதாக் கணக்கு. திரும்ப ஓட்டலுக்கு விட மாட்டான். நாளைக்கு விமானத்துலயும் ஏத்த மாட்டான். கலா கல்யாணத்துக்குப் போகணுமா வேண்டாமா?"

அம்மா வராந்தாவுக்கு வந்தாள். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கேட்டாள். "அப்பா சொல்றது நெசமா கண்ணு? நீதான் இங்கிலீசு நல்லாப் படிப்பியே."

லிஃப்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. விமான நிலையத்துக்கு அரை மணிக்கு ஒரு பஸ். பயணிகளும், யாரையாவது வரவேற்கவோ வழியனுப்பவோ போகிறவர்களும் ஏறலாம். அதை நான் காலையிலேயே படித்திருந்தேன். நாங்கள் வெளியே வந்த அந்த ஹாலில் பூங்கொத்தோடும் நாய்க்குட்டியோடும் கூட்டமாக ஆட்கள் நின்றதையும், அவர்களிடம் யாரும் எதையும் கேட்காததையும் பார்த்திருந்தேன்.

கலா அத்தைதான் எனக்கு ஐந்து வயது வரை தலை பின்னிவிட்டவள். நிச்சயம் முறிந்த பிறகு விசேஷ வீடுகளில் அவள் பின்வரிசையில் உட்கார்ந்து, யாராவது எதையாவது கேட்பதற்குமுன் என்னை மடியில் இழுத்து வைத்துக்கொள்வாள். அவளுடைய கல்யாணத்துக்குப் போகிற வழியில் அந்த ஆளை எதற்குப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது.

"நெசந்தாம்மா" என்றேன்.

ஜெர்மனியில் ஜூன் மாதம் ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சம் போகும்வரை அம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பைன் மரங்களுக்கு மேலே இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலவசச் சாப்பாட்டுச் சீட்டுகள் மூன்றில் ஒன்று செலவாகவில்லை. அப்பா அதற்காக வருத்தப்பட்டார்.

மறுநாள் காலை விமானக் கம்பெனியின் மேசையில் ஒரு பெண் அம்மாவின் பெயரைப் படித்துவிட்டு, ஒரு உறையைக் கொடுத்தாள். உள்ளே ரயில் அட்டவணை ஒன்றின் பின்பக்கத்தில் தமிழில் நாலு வரி. "அக்கா, ஒன்பது மணி வரைக்கும் நின்னேன். காலையில வேலைக்குப் போகணும். நீ வந்த விமானத்துல எறங்குனவங்க எல்லாரும் நல்லாயிருக்காங்கன்னு சொன்னாங்க. அது போதும்." அம்மா அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, டிக்கெட்டுகளை மேசையில் நீட்டினார்.

அம்மாவும் மாமாவும் அதன்பிறகும் சந்திக்கவில்லை. 1998இல் மாமா மாரடைப்பில் போய்விட்டார். செய்தி வந்த அன்று அப்பாதான் முதலில் எழுந்து, விசா விண்ணப்பத்தை எங்கே வாங்குவது, எத்தனை போட்டோ என்று பேசத் தொடங்கினார். அம்மா, "வேண்டாங்க. இனிப் போயி யாரப் பாக்கறது?" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

நான் பாஸ்போர்ட் வேலையில் சேர்ந்தபோது, பயிற்சியின் முதல் வாரத்திலேயே, ஒரு நாட்டின் எல்லை என்பது அந்தக் கண்ணாடிக் கூண்டுதான், வெளி ஹால் வெறும் தெருவுக்குச் சமம் என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. அப்பா அன்று தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று அவரிடம் கேட்கலாம் என்று இருபது வருடம் நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு அவரும் போய்விட்டார்.

இப்போது இலவச ஓட்டலும் இல்லை, சாப்பாட்டுச் சீட்டும் இல்லை. பிராங்பர்ட்டில் மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு அடுத்த விமானம் ஏறுகிறோம். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டிவிடுகிறது. ரிச்சர்ட்சன் வீட்டை விற்றாயிற்று. வசந்தா ஆன்ட்டி சான்டா கிளாராவில் மகனோடு இருக்கிறார், ஆட்களை அடையாளம் தெரிவதில்லை. அம்மா சுகர் லேண்டில் என்னோடு இருக்கிறாள்.

ஓய்வு பெற்ற மறு வாரம், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லிஃப்ட் பக்கத்து அறிவிப்பு, ஹாலில் நின்ற கூட்டம், என் பொய். அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அடுத்த வருசமே தெரியுங் கண்ணு. வசந்தாக்காவோட தங்கச்சியக் கூட்டிட்டு வர ஏர்போர்ட் போனமில்ல? உள்ள போனோம், வந்தோம். ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல."

"அப்புறம் ஏம்மா அப்பாவைக் கேக்கல?"

"கேட்டா அவரு பொய் சொன்னாருன்னு ஆயிரும். தெரியாமச் சொல்லிட்டாருன்னு வெச்சுக்கிட்டா, கூட இருந்து காலந்தள்ளலாமில்ல." ஒரு காயின் நாரை நுனியிலிருந்து காம்பு வரை இழுத்தாள். "நீயும் சின்னப் புள்ள, தெரியாமத்தான் சொன்னேன்னு வெச்சிருந்தேன்."

அவள் காய்த்தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப எதுக்குச் சொன்னே?"