பெல்ட்டில் வைத்த பேட்

நாங்கள் ஹெப்பகோடியில் குடியிருந்தபோது அப்பா ஒரு மரக்கழிவு யார்டில் வேலை பார்த்தார். சுற்றியிருந்த கம்பெனிகளுக்குச் சரக்கெல்லாம் மரப்பெட்டியில் வரும். சரக்கை எடுத்துக்கொண்டு கட்டையை வெளியே தள்ளிவிடுவார்கள். அது லாரியில் ஏறி எங்கள் யார்டுக்கு வந்து சேரும். அங்கே பெரிய ஷ்ரெடர் மெஷின் ஒன்று இருந்தது. நீளமான ரப்பர் பெல்ட்டில் கட்டையைப் போட்டால் மெதுவாக நகர்ந்துபோய் இரும்புப் பற்களுக்குள் விழும். மறுபக்கம் விரலளவு சில்லுகளாகக் கொட்டும். பாய்லர் எரிக்க வாங்கிப் போவார்கள்.

அந்த மெஷினை ஓட்டியவர் அப்பா. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவரின் பிள்ளைகள் உண்டு, பஸ் ஓட்டுகிறவரின் பிள்ளைகள் உண்டு. ஷ்ரெடர் ஓட்டுகிறவரின் பிள்ளை நான் ஒருவன்தான். அதனால் கொஞ்சம் மிதப்பாகவே திரிந்தேன்.

மிதப்புக்கு இன்னொரு காரணம் என் பேட். யார்டுக்கு வந்த பலகை ஒன்றை அறுத்து அப்பா இழைத்துக் கொடுத்தது. கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். பந்து பட்டால் தோள்வரை அதிரும். ஆனாலும் தெருவில் வேறு பேட் கிடையாது. பேட் யாருடையதோ அவன்தான் முதலில் ஆடுவான். பேட் மட்டும் இல்லையென்றால், நான் ஆடுகிற ஆட்டத்துக்குச் சாக்கடையில் பந்து பொறுக்கத்தான் விடுவார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு யார்டுக்குப் போனோம். மெஷினைக் கழுவிப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பெல்ட்டின்மேல் அடுக்கியிருந்த கட்டைகளுக்கும் மஞ்சள் குங்குமம். மறுநாள் விஜயதசமியன்று முதலில் அரைபடப் போகும் கட்டைகள் அவை.

பூஜையில் வைக்க நான் கணக்குப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, அதைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏன்டா மருமவனே, புக்கை வச்சா கணக்கு வந்துடுமா? இது ஆயுத பூஜைடா. உன் ஆயுதம் எது? பேட்டைக் கொண்டாந்து வை. அப்புறம் பாரு, செஞ்சுரிதான்.”

வீட்டுக்கு ஓடி எடுத்து வந்தேன். சாமி படத்துக்கு முன்னால்தான் வைக்கச் சொன்னதாக மாமா பிற்பாடு சாதித்தார். எனக்கோ, மாலை போட்டிருந்த மெஷினே சாமியாகத் தெரிந்தது. பெல்ட்டில், கட்டைகளுக்கு நடுவே செருகி, பேட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம். தொடாமல் வந்துவிட்டேன்.

முதல் லோடு நிற்காமல் ஓடி முடிந்தால் வருஷம் முழுக்க மெஷின் நிற்காது என்பது ஓனரின் நம்பிக்கை. மறுநாள் காலையிலும் எல்லோரும் யார்டுக்குப் போனோம். கற்பூரம் காட்டியதும் அப்பா பச்சைப் பட்டனை அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். பெல்ட் நகர்ந்தது. கட்டைகளோடு கட்டையாக என் பேட்டும் நகர்ந்தது.

“அப்பா, பேட்டு!” என்று கத்தினேன். மெஷின் போட்ட சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அப்பா என் வாயைப் பார்த்தார். நான் கை நீட்டிய பக்கம் பார்த்தார். சிவப்புப் பட்டனைக் குத்தினார்.

“ஏன்ப்பா, மொதல் லோடுலயே நிறுத்திட்டியே!” என்றார் ஓனர்.

“பையன் பேட்டு சார்.”

“பேட்டா? நம்ம யார்டு பலகைதானே அது? போனா இன்னொண்ணு அறுத்துக்க வேண்டியதுதானே?”

அப்பா பெல்ட் பக்கம் போனார். பேட்டை எடுத்து, மஞ்சளைத் தன் சட்டையில் துடைத்து என்னிடம் கொடுத்தார். மாமா பொரிப் பொட்டலத்துக்குள் ரொம்ப மும்முரமாக எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் முதலில் ஆடினேன். சைபர்.

தீபாவளிக்குள் மெஷின் ஒருமுறை தானாக நின்றுபோனது. பற்களில் ஏதோ இரும்பு சிக்கிவிட்டதாம். மறுநாளிலிருந்து பச்சைப் பட்டனை வேறொருவர் அழுத்தினார். அப்பா கேட் ஓரம் உட்கார்ந்து கட்டைகளில் ஆணி பிடுங்கினார். சாயங்காலம் எனக்காகச் சட்டைப்பையில் வளைந்த ஆணிகள் கொண்டுவருவார். நான் கல்லால் தட்டி நிமிர்த்துவேன். மெஷின் ஓட்டிய காலத்தில் அவர் எனக்கு அப்படி எதுவும் கொண்டுவந்ததில்லை.

“இந்த வேலைதான்பா சூப்பர். இதையே பாருப்பா,” என்று ஒருநாள் சொன்னேன்.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அப்பா “சரிடா” என்றார். அவரே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய வேலை என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.