பஞ்சு குடோனில் பேசாத வாக்கி டாக்கி

வாக்கி டாக்கி சோதிக்கிற வேலையில் மூளைக்கு லீவு, தொண்டைக்கு ஓவர்டைம். எஸ்.டி.டி. பூத்தில் நின்று "ஹலோ, கேக்குதா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தி, எதிர்முனைக்கு மட்டும் கேட்காமல் போன பாவப்பட்ட ஜனங்களே, நானும் உங்கள் கட்சிதான். ஒரு மில் மேனேஜர் ஏமாந்த கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைக்கப் போகிறேன். ஆனால் இப்போது இல்லை. அவரே லேசில் ஏமாறவில்லை, நீங்கள் மட்டும் சுலபமாகச் சிரித்துவிட்டால் எப்படி?

பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும்

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒயர்லெஸ் கடையில் வேலை. இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு எங்கள் கடை வாக்கி டாக்கி விற்றது. அந்த மில்லில் தீயணைக்கவென்று சொந்தமாக ஆறு பேர் கொண்ட படை உண்டு. தீயென்றால் உள்ளே போகிறவனுக்கும் வெளியே நிற்கிறவனுக்கும் பேச்சு அறுந்துபோகக் கூடாது. அதனால் டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டாக ஒரு வாக்கி டாக்கிப் பெட்டியைக் கொண்டுபோய், ஒன்று முதல் பத்து வரை எண்ணி, எங்கே குரல் அறுகிறதோ அங்கே மில் பிளானில் சிவப்பு மையால் வட்டம் போட வேண்டும்.

எத்தனை நாள்தான் எண்ணுவது? நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் ஓர் அக்கா கையில் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு மில் கேட்டுக்கு வந்தேன். எண்ணுவதற்குப் பதிலாக, கேண்டீன் மாஸ்டரின் மூக்கடைத்த குரலில் "வடை தீரப்போகுது, பொறவு வந்து சண்டை போடாதீய" என்றேன். அந்தப் பக்கமிருந்து கணீரென்று பதில் வந்தது: "மாஸ்டரே, எனக்கு ரெண்டு எடுத்து வையும். வடைய வச்சுக்கிட்டுப் பொட்டிக்குள்ள எதுக்கு ஒளியுதீரு?"

மூன்றாவது வரிசைக்கு அப்பால்

படைக்குத் தலைவர் சண்முகையா அண்ணாச்சி. வத்திராயிருப்புக்காரர், மிலிட்டரியில் அவில்தாராக இருந்தவர். மில்லில் நான் பேசாத குரல் இல்லை. அவர் குரலை மட்டும் தொட்டதில்லை. அந்தக் குரல் 'போ' என்றால் ஒருவன் புகைக்குள் போவான், 'வா' என்றால் திரும்புவான். அதில் விளையாட எனக்கே பயம்.

பஞ்சு குடோனில்தான் எங்கள் பெட்டியின் மானம் போனது. கனத்த கல் சுவர், இரும்புக் கதவு, தகரக் கூரை, கூரை முட்ட பேல் பேலாகப் பஞ்சுப் பொதி. மூன்றாவது வரிசையைத் தாண்டினால் 'கர்ர்' என்ற சத்தம்தான். நான் வட்டம் போட்டேன். அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை, பெட்டியையும் திட்டவில்லை. அன்றே ஆறு பேரையும் கூப்பிட்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்து, இடுப்பில் கயிறு கட்டி, குடோனுக்குள் நடக்க விட்டார். ஒரு இழுப்பு என்றால் 'நல்லாருக்கேன்', ரெண்டு என்றால் 'திரும்பு'. முதலில் சாக்கை மாட்டிக்கொண்டவர் அவர்தான்.

ஆனால் கயிறு பேலில் சிக்கினால் என்ன செய்வது? கூரைமேல் ஓர் ஏரியல், அதிலிருந்து ஒயர் இறக்கி உள்ளே ஓர் ஏரியல் போட்டால் பேச்சு கேட்கும். அதற்குப் பணம் கேட்டு மேனேஜரிடம் போனோம். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "செட்டியார்பட்டி வரைக்கும் கேக்குன்னு சொல்லித்தானய்யா வித்தீக? அம்புட்டுத் தூரம் போறது எங்க குடோனுக்குள்ள போகாதோ?"

கயிறு பேசிய காலை

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வரும். அதற்குமுன் புகை வந்தது. ஒரு காலை ஷிப்டில் குடோனின் ஐந்தாவது வரிசையில் ஒரு பேல் உள்ளுக்குள் கனன்றது. படையில் இளையவன் செல்வின் இடுப்பில் கயிற்றோடு போனான். செத்த நேரத்தில் புகை கதவு வரைக்கும் வந்துவிட்டது. "செல்வின், திரும்பு" என்று அண்ணாச்சி பெட்டியில் மூன்று தரம் சொன்னார். பதிலே இல்லை. நான் விற்ற பெட்டி. அண்ணாச்சி பெட்டியைக் கீழே வைத்தார். கயிற்றை ரெண்டு தரம் இழுத்தார். பதில் இழுப்பு வந்ததும், அந்தக் கயிற்றையே பிடித்துக்கொண்டு பாதி தூரம் போய்ப் பையனைத் தோளோடு சேர்த்து வெளியே கொண்டுவந்தார். இருமி முடித்துச் செல்வின் சொன்னது: "பொட்டி செத்துப்போச்சு அண்ணாச்சி, கயிறுதான் பேசிச்சு."

முதலாளி பேசுகிறார்

தீ அணைந்த பிறகும் மேனேஜர் மசியவில்லை. "நானே சோதிக்கேன்" என்று பெட்டியோடு குடோனுக்குப் போனார். ஏரியலுக்குக் கையெழுத்து வாங்க வேண்டிய தாளோடு அண்ணாச்சி கூடவே போனார். மேனேஜர் முதல் வரிசையில் நின்றுகொண்டு "நல்லாத்தான கேக்கு!" என்றார். அங்கே கேட்கும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

கேட் ரூமில் நான் தனியாக இருந்தேன். நாக்கு அரித்தது. தொண்டையைச் செருமி, முதலாளி குரலை எடுத்தேன். "மேனேஜர், எந்த வரிசைல நிக்கீரு?"

"முதலாளியா? முதல் வரிசை, முதலாளி!"

"தீ என்ன, வாசல்ல வந்தா நிக்கும்? உள்ள போம். நான் பேசிக்கிட்டே இருக்கேன், ஒண்ணு விடாமக் கேட்டுப் பதில் சொல்லணும்."

பேசிக்கொண்டே இருந்தேன். நூல் விலை, மழை, அவர் பையன் படிப்பு எல்லாம் விசாரித்தேன். மூன்றாவது வரிசைவரை "ஆமா முதலாளி" வந்தது. பிறகு ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம் கழித்து முதல் வரிசைக்கே ஓடிவந்து மூச்சிரைக்கக் கத்தினார்: "முதலாளி! நீங்க பேசுனது கேக்கல! உள்ள ஒண்ணுமே கேக்கல! ஏரியல் போட்டுருதேன்!"

அண்ணாச்சி தாளைத் தன் முதுகில் வைத்துக் குனிய, அங்கேயே மேனேஜர் கையெழுத்துப் போட்டாராம். முதலாளியைக் கும்பிட மேனேஜர் கேட்டுக்கு ஓடி வந்தார். ரூமில் நான் மட்டும். "முதலாளி எங்கலே?" என்று கேட்டு அவர் வாயை மூடவில்லை, வெளியே கார் ஹார்ன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்க, அப்போதுதான் வருகிற முதலாளி இறங்கினார். மேனேஜர் காரைப் பார்த்தார், என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார், கடைசியாக என் வாயைப் பார்த்தார்.

"என்ன மேனேஜர், இப்படி வேர்த்திருக்கு?" என்றார் முதலாளி.

"குடோனுக்கு ஏரியல் போடுதோம் முதலாளி. நீங்கதான சொன்னீக."

"நானா? எப்ப?"

மேனேஜர் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "நீங்க எப்பச் சொன்னீகன்னு, அச்சு அசலா உங்க குரல்லயே இந்தப் பய சொல்லுவான்."

ஊர்க்குரல் அத்தனையும் வைத்திருந்த என் தொண்டையில் அன்றைக்கு என் சொந்தக் குரல் ஒன்றுதான் ஸ்டாக் இல்லை.