ஆட்சேபம் இல்லாத ஆர்டிஸ் டீச்சர்

எதிர்த்துப் பேசுவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவர் ஆர்டிஸ் ஹோல்ம்பெக். ஸ்கோவ்லண்ட் உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்புக்குக் குடிமையியல் எடுத்தே தலை நரைத்தவர். சொந்த வாழ்க்கையில், ஓட்டலில் முட்டை கருகி வந்தாலும் 'எனக்கு இப்படித்தான் பிடிக்கும்' என்று சாப்பிட்டுவிட்டு வருகிற ரகம். இதில் அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அந்தப் புல்வெளி மாநிலத்தில் எல்லாருமே அப்படித்தான். நார்வேயிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள். கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போனாலும், 'சுவர் நிற்குதே' என்பார்கள். விருந்துக்குப் போன இடத்தில் மூன்றாம் முறை வற்புறுத்தினால்தான் இன்னொரு துண்டு கேக்கை எடுப்பார்கள். முகத்துக்கு நேரே 'முடியாது' என்பது அங்கே ஒரு வியாதி மாதிரி. அந்த வியாதி வந்தாலும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

கணவர் லைல் தானியக் கிடங்கில் எடைமேடை பார்ப்பவர். வாயை அடக்கத் தெரியாதவர், அந்த ஊருக்கே ஓர் அதிசயம்.

"உன் பசங்க எல்லாம் சண்டைக்கோழிங்க. நீ மட்டும் அடைகாக்குற கோழி" என்பார்.

"வீட்டுக்கு ஒரு வாய் போதும் லைல். அதான் உன்னோடது இருக்கே."

சண்டைக்கோழி என்று லைல் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஆர்டிஸ் தன் வகுப்பைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி மாவட்ட வாரியத்தின் மாலைக் கூட்டத்துக்கு அழைத்துப்போவார். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் ஒலிபெருக்கி முன்னால் நின்று பெயரையும் முகவரியையும் சொல்லி, ஊர் விஷயம் ஒன்றை இரண்டு நிமிஷம் பேச வேண்டும். உண்மையான விஷயமாக இருக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. குப்பைக்கிடங்கு சனிக்கிழமையும் திறந்ததும், ஊர் நீச்சல்குளம் ஞாயிற்றுக்கிழமை மூடாமல் இருந்ததும் இப்படிப் பேசிய பிள்ளைகளால்தான். வாரிய உறுப்பினர்கள் பொறுமையாகக் கேட்பார்கள். முடிந்ததும் வீட்டிலிருந்து செய்து வந்த பிஸ்கட்டைக் கொடுப்பார்கள்.

ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து, மாவட்டத்துச் சரளைக் கல் முதலில் வாரியத் தலைவர் டுவேன் ரிஸ்டாடின் பண்ணைச் சாலைக்கே போவது ஏன் என்று கேட்டாள். குரல் நடுங்கவே இல்லை. அன்றைக்கு பிஸ்கட் டப்பா திறக்கப்படவில்லை.

டுவேன் கெட்டவர் இல்லை. தேவாலயத்தில் பாடுபவர். பனியில் மாட்டிக்கொண்ட யார் வண்டியையும் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிடுபவர். ஆனால் அந்தக் கேள்வி அவர் தொண்டையிலேயே நின்றது. சட்டமன்றத்தில் அவருக்கு ஒரு மச்சான் இருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அரசியல் ஆட்டம் கற்றுத் தருகிறார்கள் என்று அந்த மச்சான் பல இடங்களில் பேச ஆரம்பித்தார். ஆர்டிஸ் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதும் அங்கே மரியாதையில் சேர்த்தி.

அந்தச் சமயம் பார்த்து மாநிலப் பாடத்தர மறுஆய்வு வந்தது. சில வருஷத்துக்கு ஒருமுறை, எந்த வகுப்புப் பிள்ளை எதை அறிந்திருக்க வேண்டும் என்று வரிவரியாகத் திருத்தி எழுதுவார்கள். ஆசிரியர்களைக் கொண்ட குழு ஒன்று போட்டார்கள். குடிமையியலுக்கு ஆர்டிஸைக் கூப்பிட்டார்கள். லைல் கிடங்கு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். ஆர்டிஸ் மனதில் ஒரே கணக்குதான்: 'மாணவர் ஒரு பொது அமைப்பின் முன் தன் ஊர் விஷயம் ஒன்றைப் பேசுவார்' என்ற வரி ஏறிவிட்டால், தன் வகுப்பின் மாலைப் பயணத்தை டுவேனோ அவர் மச்சானோ தொட முடியாது. மாநிலம் முழுக்க அது பாடமாகிவிடும்.

வரி ஏறவும் ஏறியது. குழு ஒரு மனதாக ஏற்றது. வரைவு மேலே போய், பல அலுவலக மேஜைகளைக் கடந்து, கடைசி அமர்வுக்குத் திரும்பி வந்தபோது அந்த வரி மெலிந்திருந்தது: 'ஒரு பொது அமைப்பின் முன் குடிமக்கள் பேசக்கூடிய முறையை மாணவர் விவரிப்பார்.' கீழே புதிதாக ஒரு வரி: பொது அமைப்புகளின் முன் கோரிக்கை வைப்பதற்கு மதிப்பெண் வழங்கலாகாது.

கடைசி அமர்வு தலைநகரில், ஓட்டல் ஒன்றின் ஜன்னல் இல்லாத அறையில் நடந்தது. நடத்திக்கொடுக்க வந்தவள் கெண்ட்ரா. பனியே விழாத மாநிலத்திலிருந்து வாடகைக்கு எடுத்த நிபுணர். ஒவ்வொரு வரிக்கும் அவள் கட்டைவிரல் கேட்பாள். மேலே காட்டினால் சம்மதம். கீழே காட்டினால் ஆட்சேபம். ஆனால் காட்டுகிறவர் வேறு வாசகம் தர வேண்டும், எல்லாரும் அதை ஒத்துக்கொள்ளும்வரை ஒருவரும் எழுந்து போகக்கூடாது. பக்கவாட்டில் காட்டினால் 'பிடிக்கவில்லை, ஆனால் சகித்துக்கொள்வேன்'. இந்த மூன்றாவது விரலை அந்த மாநிலத்து மக்களை நேரில் பார்த்த யாரோதான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

மத்தியானத்துக்குமேல் பனிப்புயல் எச்சரிக்கை வந்தது. இருட்டுவதற்குள் நெடுஞ்சாலையின் தடுப்புக் கம்பியை இறக்கிவிடுவார்கள், அப்புறம் யாரும் ஊர் போய்ச் சேர முடியாது. எல்லாருடைய கோட்டும் நாற்காலி முதுகிலிருந்து மடிக்கு வந்துவிட்டது. ஆர்டிஸின் வரி கடைசியிலிருந்து இரண்டாவது.

"இந்தப் புது வரி எனக்குக் கொஞ்சம் யோசனையா இருக்கு" என்றார் ஆர்டிஸ். அந்த ஊர் மொழியில் அது மேஜையைக் குத்துவதற்குச் சமம். வெளியூர்க்காரி கெண்ட்ராவுக்கு அது புரியவில்லை.

"யோசனைன்னா ஆட்சேபமா ஆர்டிஸ்? ஆட்சேபம்னா சொல்லுங்க, உக்காந்து பேசலாம். அதுக்குத்தானே வந்திருக்கோம்!" என்று உற்சாகமாகச் சொன்னாள்.

பக்கத்தில் இருந்த க்ளாரிஸ், மேற்குக் கோடியில் மாட்டுப்பண்ணைப் பக்கம் பாடம் எடுப்பவள், குனிந்து கிசுகிசுத்தாள். "ஆர்டிஸ், என் சின்னவனுக்குக் காலையிலருந்து காய்ச்சல். வீட்டுல அவரு தனியா பாத்துக்கிறாரு. நீங்க சொல்றதுதான் சரி, நான் மறுக்கல. ஆனா..."

"தெரியும்மா" என்றார் ஆர்டிஸ்.

"பொதுமக்கள் கருத்துக் கூட்டம் வேற இருக்கே? அங்க பேசிக்கலாமே" என்று பின்னாலிருந்து ஒருவர் யோசனை சொன்னார், சொல்லும்போதே கையுறையை மாட்டிக்கொண்டார்.

ஆர்டிஸ் தன் கையைப் பார்த்தார். யாருக்காகவும் இல்லாமல் ஊருக்காகப் பேசு, நாலு பேர் முகம் சுளித்தாலும் பேசு என்று பிள்ளைகளுக்குச் சொன்ன வாய் மூடியே இருந்தது. கட்டைவிரல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. அறை முழுவதும் மூச்சு விட்டது. "அருமை!" என்றாள் கெண்ட்ரா. வாகன நிறுத்தத்தில் மூன்று பேர் ஓடிவந்து ஆர்டிஸின் வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டார்கள். அவ்வளவு நன்றி.

கருத்துக் கூட்டத்துக்கு ஆர்டிஸ் போகத்தான் செய்தார். லைல் வண்டி ஓட்டினார். பேச்சைத் தாளில் எழுதி, பேசுகிறவர்களின் வரிசையில் நின்று, முறை வந்ததும் புது வரியை நீக்கச் சொன்னார். மேடையில் இருந்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"நன்றிம்மா. ஒரு சந்தேகம். இந்த வாசகத்தை ஆசிரியர் குழு முழுச் சம்மதத்தோட ஏத்துக்கிட்டதா பதிவாகியிருக்கு. நீங்க அந்தக் குழுவிலதானே இருந்தீங்க?"

"இருந்தேன். ஆனா நான் விரலை மேல காட்டல."

"கீழ காட்டுனீங்களா?"

"இல்ல. பக்கவாட்டுல."

யாரோ சிரித்தார்கள். மேடைக்காரர் சிரிக்கவில்லை, மரியாதைக்காரர். "பதிவுல சம்மதம், ஆட்சேபம்னு ரெண்டு கட்டம்தான்மா இருக்கு. பக்கவாட்டுக்குக் கட்டம் இல்ல" என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

திரும்பும் வழியில் லைல் வானொலியை அணைத்துவிட்டு ஓட்டினார். அது நல்ல அறிகுறி இல்லை.

"சொல்லு, சொல்லிடு" என்றார் ஆர்டிஸ்.

"நான் என்னத்தச் சொல்ல? கருகின முட்டையை இத்தனை வருஷம் ருசின்னு சொல்லிச் சாப்பிட்ட. இப்ப மாநிலமே உனக்குப் பரிமாறிடுச்சு."

"அந்தப் பொண்ணோட குழந்தைக்குக் காய்ச்சல் லைல்."

"யாரு இல்லன்னா? புயல் வரும்னு வரியை மாத்தினவங்களுக்கும் தெரியும், காய்ச்சல் வரும்னும் தெரியும். உன்ன மாதிரி ஒருத்தி உக்காந்திருப்பான்னும் தெரியும்."

புதிய பாடத்தர வரையறை அச்சாகி வந்தது. முன்பக்கத்தில் நன்றிக்குரியோர் வரிசையில் ஆர்டிஸ் ஹோல்ம்பெக், ஸ்கோவ்லண்ட் என்று அழகான எழுத்தில் இருந்தது. வசந்தத்தில் பேருந்து கேட்டுப் போனபோது தலைமையாசிரியர் ட்ரெண்ட் ஹாவிக் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டினான். இவரிடம் படித்தவன். அந்த நீச்சல்குளம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பது இவன் பேசிய பேச்சால்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நான் பஸ் அனுப்பினா ரிஸ்டாட் நாளைக்கே போன் போடுவாரு. 'உங்க டீச்சர் பேரு போட்ட விதியை உங்க டீச்சரே மீறுறாங்களா'ம்பாரு. நான் என்னன்னு பதில் சொல்ல?"

"நீ அன்னைக்குக் குளத்துக்காகப் பேசினப்ப இப்படியா யோசிச்ச?"

"அன்னைக்கு எனக்குப் பதினேழு வயசு டீச்சர். இப்ப வீட்டுக் கடன் இருக்கு."

ஒளிக்காமல் சொன்னான். அதற்காகவே அவனை முழுசாக வெறுக்க முடியவில்லை.

சரி, பேருந்து வேண்டாம், மதிப்பெண் வேண்டாம் என்று வகுப்பில் சொன்னார் ஆர்டிஸ். கூட்டம் எல்லாருக்கும் பொதுவானது. விருப்பமுள்ளவர்கள் தாங்களே வரலாம், நான் அங்கே இருப்பேன். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். நல்ல பிள்ளைகள், அந்த ஊர்ப் பிள்ளைகள். ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை. "பாக்குறோம் டீச்சர்" என்றார்கள். ஒருத்திக்கு மட்டும் மனசு கேட்காமல், "அன்னைக்கு எனக்குக் கடையில ஷிப்ட் இருக்கு டீச்சர்" என்றாள்.

கூட்டத்தன்று மாலை மாவட்ட அலுவலகத்தில் பார்வையாளர் பெஞ்சு முழுக்க ஆர்டிஸ் ஒருவர்தான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். டுவேன் ரிஸ்டாட் ஒலிபெருக்கியைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "என்ன டீச்சரம்மா, உங்க பசங்க எங்க? நானே இந்தத் தடவை பிஸ்கட் எடுத்துட்டு வந்தேன்."

கிண்டலாகச் சொன்ன மாதிரி இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

சாலைச் செலவு, களைக்கொல்லி மருந்து எல்லாம் ஓடி முடிந்தன. கடைசியாக ஒரு தீர்மானம் வைத்தார்கள். மாலைக் கூட்டங்களுக்கு இப்போது பொதுமக்கள் வருவதில்லை. உறுப்பினர்கள் இருட்டில் மான்கள் குறுக்கே பாயும் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. ஆகவே இனிமேல் கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

"யாராச்சும் பேசணுமா?" என்று டுவேன் கேட்டார்.

எத்தனையோ பிள்ளைகளை அந்த ஒலிபெருக்கியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தும், தான் அதன் முன்னால் ஒருமுறைகூட நின்றதில்லை என்பது ஆர்டிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்தார். பெயர் சொன்னார். முகவரி சொல்லும்போது வீட்டு எண் மறந்துபோய்த் தடுமாறினார். காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எப்படி வரும் என்று கேட்டார். வகுப்பில் ஆக மோசமான பிள்ளைகூட இதைவிட நன்றாகப் பேசியிருக்கும்.

டுவேன் இரண்டு நிமிஷமும் குறுக்கிடாமல் கேட்டார். "சரியாத்தான் சொல்றீங்க டீச்சரம்மா. ஆனா வர்றதுக்குத்தான் ஆளு இல்லையே? நீங்களே பாருங்க" என்று கையால் காலி பெஞ்சுகளைக் காட்டினார். ஆர்டிஸ் திரும்பிப் பார்த்தார். தீர்மானம் நிறைவேறியது. போகும்போது டுவேன் பிஸ்கட் டப்பாவை நீட்டினார்.

"வேணாம்" என்றார் ஆர்டிஸ்.

டுவேன் வழக்கப்படி இன்னும் இரண்டு முறை நீட்டினார். மூன்றாவது முறையும் ஆர்டிஸ் வேண்டாம் என்றபோதுதான் மனிதரின் முகம் சுருங்கியது. டப்பாவை மூடிக்கொண்டு போனார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் புது வரையறைப்படி பாடம் தொடங்கியது. குடிமையியல் காலை ஒன்பது மணிக்கு, முதல் பாடவேளை. ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்டிஸ், பொது அமைப்பின் முன் குடிமக்கள் பேசக்கூடிய முறையைப் பலகையில் எழுதினார்: பெயர், முகவரி, இரண்டு நிமிஷம். பிள்ளைகள் சுத்தமாக நகல் எடுத்தார்கள். முன்வரிசைப் பெண் கை தூக்கினாள்.

"டீச்சர், இங்க அந்தக் கூட்டம் எப்ப நடக்கும்?"

"இப்ப நடந்துட்டிருக்கு" என்றார் ஆர்டிஸ்.

அந்தப் பெண் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.