காலைப் பாலும் கொழுப்பும்

முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வீடு திரும்பியவருக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. மனைவி இரண்டு வேளையும் கறந்துவந்த செவலைப் பசுவில், காலைக் கறவையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பழகுவதற்குள் பசு இரண்டு முறை உதைத்துத் தள்ளியது. மூன்றாவது வாரம் வாளி நுரைத்து நிரம்பியபோது, ஊரையே விலைக்கு வாங்கியவர் போல் பால் நிலையத்துக்கு நடந்தார்.

பால் சோதிக்கும் பெண் நீட்டிய சீட்டில் கொழுப்பு மூன்றரை சதவீதம் என்றிருந்தது. முந்தின சாயங்காலம் மனைவி கறந்த பாலிலோ நாலே கால். மறுநாளும் அதே கதை, அடுத்த வாரமும் அதே கதை. மனைவி இரண்டு சீட்டையும் ஜன்னல் கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் செருகி வைத்தாள்.

“உங்ககிட்ட இருக்கிற கொழுப்புல கொஞ்சம் பாலுக்கும் குடுங்க” என்றாள்.

சிரித்து மழுப்பினாலும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்குத் தெரியாமல் தவிட்டையும் கலவைத் தீவனத்தையும் இரட்டிப்பாக்கினார். வைக்கோலைப் பாதியாகக் குறைத்தார். பால் அரை லிட்டர் ஏறியது. கொழுப்போ மூன்றுக்குக் கீழே போய்விட்டது. சாயங்காலப் பாலும் கூடவே இறங்கியது. அதற்குப் பிறகு மனைவி கேலி செய்யவில்லை. பசுவுக்கு நோயோ என்று பயந்து, மடியில் வீக்கமோ சூடோ இருக்கிறதா என்று தினமும் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. சோதிக்கும் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

வைக்கோலைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டினால் பால் கூடும், கொழுப்பு இறங்கும் என்று அவள் சொன்னாள். பிறகு கறக்கும் நேரத்தைக் கேட்டாள். சாயங்காலம் நாலு, காலையில் ஆறு என்றார்.

“அப்ப காலையில கறக்குறது பதினாலு மணி நேரத்துப் பாலுண்ணே. நிறைய இருக்கும், ஆனா கொழுப்பு கம்மியாத்தான் இருக்கும். யார் கறந்தாலும் அப்படித்தான்.”

“யார் கறந்தாலுமா?” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து முதலில் தவிட்டு விஷயத்தை ஒப்புக்கொண்டு, வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

“நீ ரெண்டு வேளையும் கறந்தப்போ காலையில எவ்வளவு வரும்?”

“மூணரை.”

“தெரிஞ்சேதான் என்னை ஓட்டினியா?”

“நீங்க வீட்டுல இருந்து நான் கேலி பண்றதுக்கே இத்தனை வருஷம் ஆயிருக்கு. அதை அவ்வளவு சீக்கிரம் விட்டுடுவேனா?”

அவர் போய் இரண்டு கட்டு வைக்கோலைப் பிரித்துப் பசுவுக்குப் போட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாளில் கொழுப்பு பழைய இடத்துக்கு வந்தது. சாயங்காலக் கறவையை ஐந்து மணிக்குத் தள்ளி வைத்த பிறகு காலைப் பால் இன்னும் கொஞ்சம் தேறியது. நாலு மணிக்கு இப்போது இருவருக்கும் வேலை இல்லை. டீயை ஆற்றிக்கொண்டு அவர் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதையைச் சொல்வார். போன தடவை வேறு மாதிரி சொன்னீர்களே என்று அவள் மடக்குவாள்.